ஸ்கார்லெட் கருடாவின் குரல்

திருப்பதி
17 நவம்பர் 2025

அண்ணாவுக்கு ஸுப்ரஜா எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நீ சௌக்கியமாக இருப்பதைத்தான் யூட்யூபில் நாற்பது நிமிஷம் பார்த்தேனே. கறுப்புக் கண்ணாடி, தோல் ஜாக்கெட். சித்தூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார ஒரு தைரியம் வேண்டும்.

போனில் பேசினால் நீ கத்துவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பதில் போட்டு இரண்டே நிமிஷத்தில் அழித்துவிடுகிறாய். போன வாரம் மூன்று தடவை அப்படிச் செய்தாய். அதனால்தான் உன்னை பிளாக் செய்துவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறேன். ரிஜிஸ்டர் தபால் என்று தனியாக இப்போது கிடையாதாம், ஸ்பீட் போஸ்ட்தானாம். அதற்கும் கையெழுத்து வாங்குவார்கள். கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் பழைய ராக் கேசட்டுகளைத் தேடிப் பிடித்து யூட்யூபில் ஏற்றுகிற நிதின் என்பவர், நம் கேசட்டை ஏற்றியிருக்கிறார். நீயும் தாமோதரனும் ரங்காவும் சேர்ந்து 'ஸ்கார்லெட் கருடா' என்று பேர் வைத்துக்கொண்டு போட்ட நான்கு பாட்டு. மூன்று லட்சம் பேர் கேட்டாயிற்று. இரண்டாவது பாட்டின் நடுவில் வரும் பதினோரு விநாடி அலறலைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். திருப்பதியிலிருந்து இப்படி ஒரு கிளாம் மெட்டல் குரலா என்று. நிதின் உன் வீட்டுக்கே கேமராவோடு வந்து அதைப் பற்றிக் கேட்கிறார். நீ என்ன சொன்னாய்? தினமும் விடிகாலையில் சந்திரகிரிக் கோட்டையில் ஏறிக் கத்திப் பழகினாயாம். மிளகு போட்ட வெந்நீர் குடித்தாயாம்.

நீ கோட்டைக்குப் போனது சிகரெட் பிடிக்க.

அந்தக் குரல் என்னுடையது. நான்கு பாட்டிலும் என்னுடையது. 1990 மே 12, சனிக்கிழமை. சித்தூரில் தாமோதரனுடைய மைக் செட் கடைக் கோடவுன். ஜன்னலுக்கெல்லாம் கோணிப்பை கட்டியிருந்தீர்கள். நான் இன்டர் இரண்டாம் வருஷப் பரீட்சை முடித்து லீவில் இருந்தேன். அம்மாவிடம் சித்தி வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு உன்னோடு பஸ்ஸில் வந்தேன்.

ஜனவரி 4ஆம் தேதி உன் காலேஜில் பழைய மாணவர் விழா, அதில் உனக்குப் பொன்னாடை என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நிதினிடம் சொல்லி என் பேரைப் போடச் செய். இல்லாவிட்டால் விழாவுக்கு நான் வருவேன்.

ஸுப்ரஜா


சித்தூர்
24 நவம்பர் 2025

ஸுப்ரஜா,

தபால்காரர் கையெழுத்துக் கேட்டதும் உன் மன்னி பயந்துபோய்விட்டாள், ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று. பிரித்துப் பார்த்தால் அதேதான்.

மூன்று லட்சம் பேர் கேட்ட பிறகு உனக்கு ஞாபகம் வந்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக எங்கே போயிருந்தாய்? உன் கல்யாணத்திலேயே மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கலாமே, நான்தான் ஸ்கார்லெட் கருடாவின் பாடகி என்று. மாப்பிள்ளை வீட்டார் பந்தியை விட்டு எழுந்து போயிருப்பார்கள். உன் பேர் வெளியே வராமல் இருந்ததால்தான் யதிராஜ் மாதிரி ஒரு மனுஷர் உனக்குக் கிடைத்தார்.

பாட்டு எழுதினது யார்? மெட்டுப் போட்டது யார்? மைக் செட் ஆம்ப்ளிஃபையரைக் கதறக் கதற ஏற்றி அந்த கிட்டார் சத்தத்தைக் கொண்டுவந்தது யார்? இங்கிலீஷ் வரிகளை உனக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் கேட்டுவிட்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாயே, மறந்துவிட்டதா? நான் சொல்லிக்கொடுத்ததை நீ திருப்பிச் சொன்னாய், அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் அப்பா கோவிந்தராஜர் சன்னதியில் பிரபந்தம் சேவித்தவர். அவருக்குப் பிறகு நானும் அந்தக் கோஷ்டியில் நிற்க வேண்டும் என்று எனக்குக் குடுமி வளர்த்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று மாமிகளெல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். அந்தக் குடுமியைத்தான் காலேஜில் அவிழ்த்துவிட்டேன். வேஷ்டிக்குப் போடுகிற கஞ்சியைத் தலையில் தடவி முள்ளம்பன்றி மாதிரி நிறுத்தினேன். ஊரிலேயே இடுப்பு வரைக்கும் முடி இருந்த ஒரே ராக் பாடகன் நான்தான், அதுவும் அப்பாவின் ஆசீர்வாதத்தோடு.

91இல் காலேஜ் டே முடிந்த மறுநாள் யாரோ போய் வத்தி வைத்தார்கள். அப்பா என்னைப் படியேற்றித் திருமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணகட்டாவில் உட்கார வைத்து ஒரு முடி விடாமல் மழிக்கச் சொன்னார். "குடுமிக்கு நீ லாயக்கில்லைடா" என்றார். பிறகு சாகிற வரைக்கும் என்னைக் கோஷ்டிக்குக் கூப்பிடவில்லை. காலேஜ் டே அன்றைக்கு சவுண்ட் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு மைக்கோடு நீ உட்கார்ந்திருந்தாய் என்று அப்பாவிடம் நான் சொன்னேனா? நான் மொட்டையோடு வீட்டுக்கு வந்தபோது நீ அம்மாவோடு சேர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

அடி வாங்கினவனுக்குத்தான் பேர். விழாவுக்கு வராதே.

தோதாத்ரி


திருப்பதி
2 டிசம்பர் 2025

அண்ணா,

என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பாடினது நீ இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட மொட்டை போட்டுக்கொள்வது உனக்குச் சுலபமாக இருந்தது.

அந்த மொட்டைக்காக நான் அழவில்லை என்று நினைக்கிறாய். அவரைக்காய் நறுக்கினேன்தான். விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன். அம்மா கேட்டதற்கு அரிவாள்மணை கூர்மை என்றேன். உனக்குப் பசை போட்டுத் தலை வாரிவிட்டவள் நான். மாடவீதிக் கடையில் என் காசில் லிப்ஸ்டிக் வாங்கி, கண்ணுக்கு மை தீட்டி, என் தாவணிகளை உன் கையிலும் கிட்டாரிலும் கட்டிவிட்டேன். நீ கண்ணாடியில் பார்த்துவிட்டு "நான் உன்னைவிட அழகா இருக்கேன்டி" என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த இசை அப்படி. ஆண்கள் பொம்மனாட்டி மாதிரி சிங்காரித்துக்கொண்டு பொம்மனாட்டி ஸ்ருதியில் அலறினார்கள். நிஜப் பொம்மனாட்டி மட்டும் சவுண்ட் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார வேண்டியிருந்தது.

நீ சொல்லிக்கொடுத்தாயாம். கோடவுனில் அன்று காலை பத்து மணியிலிருந்து நீ அந்த அலறலை முயற்சி செய்தாய். பத்தாவது தடவை இருமி வாந்தி எடுத்தாய். தாமோதரன்தான் என்னைப் பார்த்து, "பாப்பா, நீ மார்கழில கோயில்ல பாடிக்கினு இருந்தியே, இத்த ஒரு தபா பாடிப் பாரேன்" என்றான். ஒரே தடவை. திரும்பப் பாடவே இல்லை. அந்த மூச்சு திருப்பாவையில் பழகினது, உன் மிளகு வெந்நீரில் இல்லை.

அத்தாட்சி வேண்டுமா? இரண்டாவது பாட்டில் கிட்டார் நிற்கிற இடத்தில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்கும். "வளைய கழட்டிடு பாப்பா, டேப்புல விழுந்துக்கினு கீது" என்று தாமோதரன் சொன்னான். நான் ஒரு கையில் கழற்றிவிட்டு இன்னொரு கையில் மறந்துவிட்டேன். தாமோதரன் கொரோனாவில் போய்விட்டான். ரங்கா அமெரிக்காவிலிருந்து பதிலே போடுவதில்லை. அதனால் தைரியமாகப் பொய் சொல்கிறாய்.

2019இல் எனக்குத் தைராய்டு கட்டி எடுத்தார்கள். மேல்ஸ்தாயி போய்விடலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார், போய்விட்டது. இப்போது காலேஜில் பிசிக்ஸ் நடத்தவே எனக்கு மைக் வேண்டும். நீ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாய். "பேச வரதோன்னோ, அது போதும்" என்றாய். எனக்கு அது போதவில்லை அண்ணா. என் குரல் இப்போது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அந்தக் கேசட்டில். அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஸுப்ரஜா


சித்தூர்
10 டிசம்பர் 2025

ஸுப்ரஜா,

வளையலா? காலேஜ் டே போட்டோ என்னிடம் இருக்கிறது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், நான்தான் போட்டிருக்கிறேன். லிப்ஸ்டிக் என் உதட்டில், தாவணி என் இடுப்பில். நீ எந்த அத்தாட்சியைக் கொண்டுவந்தாலும் அது என் உடம்பில்தான் இருக்கும். கிளாம் மெட்டல் என்றால் அதுதானே. போய்ச் சொல்லு, வளையல் சத்தம் கேட்கிறது என்று. சிரிப்பார்கள்.

நான் கெட்டவன் என்று எழுதிவிட்டாய். சரி. முப்பது வருஷம் கரண்ட் ஆபீசில் உட்கார்ந்தேன். "ஏண்டி சார், கரண்ட் எப்புடு ஒஸ்துந்தி", கரண்ட் எப்போது வரும் என்பதைத் தவிர ஒருத்தரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் தலையைப் பார். அன்றைக்குப் போன முடி அப்புறம் சரியாக வளரவே இல்லை, நாற்பதில் வழுக்கை. சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காலத்து வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டைக் கேட்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் நான் உயிரோடு இருப்பது. அப்போது ஒரு நாள் கேமராவோடு ஒருவர் வந்து, சார், இந்தியாவில் இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை என்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாக இருந்தால் வருமா?

விழாவுக்கு வருவேன் என்று மிரட்டுகிறாய். எனக்கும் மிரட்டத் தெரியும். மாப்பிள்ளைக்கு அந்த லிங்கை இன்று காலையில் அனுப்பிவிட்டேன். பாட்டு வரிகளையும் தமிழில் அர்த்தத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஆறு நாளில் மார்கழி. கோஷ்டியில் முன்வரிசையில் நிற்கிற யதிராஜ் ஸ்வாமி, தன் அகத்துக்காரி பதினெட்டு வயசில் எந்த வரிகளை வாய்விட்டுப் பாடினாள் என்று படிக்கட்டும்.

தோதாத்ரி


திருப்பதி
19 டிசம்பர் 2025

நீ அனுப்பினதை இவர் படித்தார். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பத்து நாளாகிறது, என்னிடம் பேசுவதில்லை. விடிகாலையில் கோயிலுக்குப் போகிறார், வருகிறார், தளிகை ஆனதும் சாப்பிடுகிறார். சாத்தமுதில் உப்புப் போட மறந்துவிட்டேன், அதைக்கூடச் சொல்லவில்லை. வைஜயந்தி ஹைதராபாத்திலிருந்து போன் பண்ணி, "அப்பாக்கும் உனக்கும் என்னம்மா?" என்று கேட்கிறாள். பெற்ற பெண்ணிடம் என்ன சொல்வது?

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் பத்து நாளாகத் திருடி மாதிரி நடமாடுகிறேன். அதற்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

பயந்துவிடுவேன் என்று நினைத்தாய். இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. 4ஆம் தேதி வருகிறேன்.

ஸுப்ரஜா


சித்தூர்
7 ஜனவரி 2026

ஸுப்ரஜாவுக்குத் தோதாத்ரி எழுதுவது.

இதில் இருப்பதெல்லாம் உனக்குத் தெரியும். நீயும் அந்த மேடையில்தான் இருந்தாய். ஆனாலும் என் கையெழுத்தில் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜனவரி 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலேஜ் ஆடிட்டோரியத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அலறலை ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அப்போது நீ மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்து மைக்கை வாங்கி, "அதைப் பாடினது நான்" என்றாய். உன் குரல் கரகரவென்று வந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ "ஐத்தே பாடண்டி மேடம்!" என்று கத்தினார்கள். எல்லாரும் சேர்ந்து கைதட்டிப் பாடச் சொன்னார்கள்.

நீ பாட வரவில்லை, சொல்லத்தான் வந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ வாயைத் திறந்தாய். காற்றுதான் வந்தது.

உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம், இவள்தான் பாடினாள் என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்துபோயிருக்கும். நான் மைக்கை வாங்கி, "ஆபரேஷன் ஆனதிலேர்ந்து என் தங்கைக்கு மனசு கொஞ்சம் சரியில்லை, தயவு பண்ணி யாரும் தப்பா நினைச்சுக்க வேண்டாம்" என்றேன். உன் தோளைப் பிடித்துப் படியிறக்கினேன். தங்கையை எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது காரில் பாகாலா தாண்டினதும் உன் மன்னி சொன்னாள்: "முப்பது வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். குளிக்கறச்சே பாடினாக்கூட உங்களுக்கு மேல எட்டினதில்லை. யார் பாடினதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். நீங்களே சொல்வேள்னு வாயை மூடிண்டு இருந்தேன். அந்தப் பொண்ணைப் பைத்தியம்னு சொல்லிட்டேளே." அன்றிலிருந்து அவள் மாடியில் படுத்துக்கொள்கிறாள். பொன்னாடையைக் கொடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், துண்டு மாதிரி.

 வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதிக்கொடுக்கிறேன்:

1990 மே 14ஆம் தேதி சித்தூரில் பதிவு செய்த ஸ்கார்லெட் கருடா கேசட்டில் உள்ள நான்கு பாட்டுகளையும் பாடியது என் தங்கை ஸுப்ரஜா. நான் சொல்லிக்கொடுத்து அவள் பாடினாள். 1991 காலேஜ் டேயில் மறைவில் உட்கார்ந்து பாடியதும் அவளே. நான் வாயசைத்தேன். அவள் மனசு சரியாக இருக்கிறது.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மாப்பிள்ளையிடமும் காட்டு. கேசட்டின் அசலையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

தோதாத்ரி


திருப்பதி
16 ஜனவரி 2026

அண்ணா,

கடிதமும் கேசட்டும் வந்து சேர்ந்தன. நகல் எடுத்து நிதினுக்கு அனுப்பிவிட்டேன். அசல் என்னிடம் இருக்கும்.

அதில் இரண்டு தப்பு இருக்கிறது. பதிவு 12ஆம் தேதி, 14 இல்லை. 'நான் சொல்லிக்கொடுத்து' என்பதை எடுத்துவிடு. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவன் யாருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியாது. திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டு மறுபடியும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு.

மன்னியை மாடியிலிருந்து இறங்கி வரச் சொல்லி நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன், உன்னிடம் இல்லை. அந்த ஆடிட்டோரியத்தில் என் தோளில் நீ வைத்த கையை இன்னும் என்னால் துடைத்துப் போட முடியவில்லை. ஐந்நூறு பேருக்கு முன்னால் என்னைப் பைத்தியமாக்கிவிட்டு, ஒரு காகிதத்தில் என் மனசு சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுக்கிறாய். அதை அந்த ஐந்நூறு பேரும் படிக்கப் போவதில்லை.

இவரைப் பற்றி. உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை, அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. விழா அன்று ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் அந்த இரண்டாவது பாட்டைப் போட்டார். அலறல் முடிகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பதினோரு விநாடி இழுத்திருக்கியே, மூச்சு எங்கே எடுத்தே? எத்தனை நாளா கேட்டுப் பாக்கறேன், கண்டுபிடிக்க முடியலை" என்றார். இருபத்தைந்து நாளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். பேசினால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் வரிகளையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று கோபத்தோடு இருந்தாராம். நாற்பது வருஷமாக மூச்சுப் பிடித்துச் சேவிக்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்? பாட்டை மறுபடியும் போடச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அவர் கையில் விரலால் தட்டிக் காட்டினேன். "அடேயப்பா" என்றார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

நீ அனுப்பின அசலை நேற்று முழுக்கக் கேட்டேன். யூட்யூபில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. நான்கு பாட்டிலும் நான்தான் பாடினேன் என்று உனக்கு எழுதியிருந்தேன், நீயும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அது சரியில்லை. நான்காவது பாட்டில் கடைசி வரி என் குரல் இல்லை. எனக்கு அங்கே இருமல் வந்துவிட்டது போலிருக்கிறது, கீழே ஒரு ஆண் குரல் அந்த வரியை எடுத்துக்கொள்கிறது. நடுவில் உடைகிறது, ஸ்ருதியும் சேரவில்லை, ஆனால் முடிக்கிறது. அது நீ. எனக்கு நினைவே இல்லை. உனக்கும் இல்லை போலிருக்கிறது.

நிதினிடம் அந்த ஒரு வரிக்கு உன் பேரைப் போடச் சொல்லிவிட்டேன். அடுத்தவர் குரல் எனக்கு வேண்டாம்.

ஸுப்ரஜா